லியோனுக்குத் தெரிந்தது தஞ்சைக்குத் தெரியவில்லை

எட்டுக் குழந்தைகளைப் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கி, அதைப் படமெடுத்து இணையத்தில் பரப்பிய ஆய்வு மாணவர் ஒருவரைத் தஞ்சாவூரில் 2023 மார்ச்சில் சிபிஐ கைதுசெய்தது. 2024-ல் தஞ்சாவூர் போக்சோ சிறப்பு நீதிமன்றம் அவருக்குச் சாகும்வரை சிறைத் தண்டனை விதித்தது. தீர்ப்பு வந்ததும் ஊர் அதைக் கடந்துபோய்விட்டது. ஆனால், அந்த வழக்கு எங்கிருந்து தொடங்கியது என்பதை நாம் அவ்வளவு எளிதில் விட்டுவிடக் கூடாது. பிரான்சின் லியோன் நகரில் தலைமையகம் கொண்ட இன்டர்போலின் படத் தரவுத்தளம்தான் துப்புக் கொடுத்தது. அந்தத் தளத்தில் இந்தியா 68-வது நாடாக இணைந்ததே 2022-ல்தான். ஆண்டுக்கணக்கில் நடந்த கொடுமை எங்கோ ஓர் அயல்நாட்டுக் கணினி வழியாகத்தான் வெளிச்சத்துக்கு வந்தது. இதற்காக அந்தக் குடும்பங்களைக் குறைசொல்வது அநியாயம். டெல்டாவில் மட்டுமல்ல, எங்குமே பெரியவர்கள் தவறான இடத்தில் தேடப் பழகியிருக்கிறோம் என்பதுதான் என் வாதம்.

நம் மனதில் இருக்கும் குற்றவாளி ஒரு வெளியூர் ஆள். ஆய்வுகள் காட்டுவதோ வேறு. மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்தி 2007-ல் வெளியிட்ட ஆய்வில், 53 சதவீதத்தினர் ஏதோ ஒரு வகைப் பாலியல் சீண்டலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். செய்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்கு நன்கு தெரிந்தவர்கள். பெரும்பாலான பிள்ளைகள் அதை யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பதிமூன்றில் தமிழ்நாடு இல்லையே என்று ஆறுதல்பட்டுக்கொள்ளவும் வழியில்லை. சென்னையில் 2,211 பள்ளிப் பிள்ளைகளிடம் ‘துளிர்’ அமைப்பு நடத்திய ஆய்வு 42 சதவீதம் என்றது. அதிலும் பெண் பிள்ளைகள் 39 சதவீதம், ஆண் பிள்ளைகள் 48 சதவீதம். ‘பையனுக்கு என்ன ஆயிடப்போவுது’ என்று நிம்மதியாக இருக்கும் வீடுகள் இந்த எண்ணை இரண்டு முறை படிக்க வேண்டும். இன்னொரு தவறான இடம், உடம்பு. காயம் இருந்தால்தான் நம்புவோம் என்கிறோம். அமெரிக்காவில், கொடுமை நடந்திருக்கலாம் என்ற சந்தேகத்தின்பேரில் மருத்துவர்களிடம் அனுப்பப்பட்ட 2,384 குழந்தைகளைப் பற்றி 2002-ல் வெளியான ஆய்வில், சுமார் 96 சதவீதத்தினரின் உடலில் எந்த மாறுதலும் தென்படவில்லை. ‘டாக்டர் ஒண்ணும் இல்லன்னுட்டார்’ என்பது எதுவும் நடக்கவில்லை என்பதற்கு ஆதாரமே அல்ல.

தடயம் பிள்ளையின் நடத்தையில் இருக்கிறது. படுக்கையை நனைப்பதை எப்போதோ நிறுத்திவிட்ட ஒன்பது வயதுக் குழந்தை மறுபடி நனைக்கத் தொடங்குகிறது. நடுராத்திரியில் அலறி எழுகிறது. டியூஷனுக்குப் போகும் நேரமானால் வயிற்று வலி வருகிறது. நன்றாகப் படித்த பிள்ளை திடீரென்று எதிலும் ஒட்டாமல் உட்கார்ந்திருக்கிறது, அல்லது தொட்டதற்கெல்லாம் சீறுகிறது. வயதுக்கு மீறிய சங்கதிகள் அதன் பேச்சிலும் விளையாட்டிலும் வருகின்றன. அப்பா திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார், அம்மா நடவுக்கோ களையெடுக்கவோ காலையிலேயே போய்விட்டார். வீட்டில் இருக்கும் அப்பாயிக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: இது பயந்த கோளாறு. மந்திரித்து, கையில் கறுப்புக் கயிறு கட்டி, நெற்றியில் திருநீறு பூசி அழைத்துவருகிறார். அதில் இருப்பது முழுக்கப் பாசம். பிள்ளை பயந்திருக்கிறது என்பதைக்கூட அவர் சரியாகவே கண்டுபிடித்துவிட்டார். யாரைக் கண்டு பயந்தது என்ற கேள்வி மட்டும் விட்டுப்போகிறது. பரீட்சை பயம், அப்பாவின் குடி, வீட்டுச் சண்டை ஆகியவற்றாலும் இதே மாற்றங்கள் வரும். எனவே அறிகுறியை வைத்து யார் மீதும் தீர்ப்பு எழுத முடியாது. பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்க அது போதுமான காரணம்.

நடந்திருந்தால் பிள்ளை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை? வீட்டிலும் ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் தவறாமல் எழும் கேள்வி இது. அமெரிக்க மனநல மருத்துவர் ரோலண்ட் சம்மிட் 1983-லேயே இதற்கு விளக்கம் தந்தார். ரகசியம், கையறு நிலை, தப்பிக்க வழியின்றிப் பழகிப்போதல், தாமதமாகத் தயங்கித் தயங்கிச் சொல்லுதல், பிறகு சொன்னதையே மறுத்தல் என்று அதன் படிகளை வரிசைப்படுத்தினார். சோறு போடும் மாமாவை, மார்க் போடும் சாரைக் காட்டிக்கொடுத்தால் குடும்பம் உடையும் என்று குழந்தைக்கு நன்றாகவே தெரியும். சொன்ன பிறகு அம்மா அழுவதையும் பெரியப்பா வாசலில் கத்துவதையும் பார்த்துவிட்டு ‘நான் சும்மா சொன்னேன்’ என்று பின்வாங்கும்போது, அதைப் பொய் என்று முடிவுகட்டுகிறோம். விளைவுகள் அதோடு நிற்பதில்லை. ஃபெலிட்டி, ஆண்டா என்ற இரு மருத்துவர்கள் தலைமையில் சுமார் 17,000 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வு, சிறுவயதுக் கொடுமைகளுக்கும் பிற்கால மனச்சோர்வு, குடிப்பழக்கம், தற்கொலை முயற்சி, இதய நோய் ஆகியவற்றுக்கும் உள்ள தொடர்பை 1998 முதல் காட்டிவருகிறது. அதே சமயம், நம்பிக் கேட்கும் ஒரு பெரியவர் உடனிருந்தால் மீள்வது எளிதாகிறது. சீரழிந்த வாழ்க்கை என்று பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு முத்திரை குத்துவது இரண்டாவது கொடுமை.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தைப் பழிவாங்கப் பயன்படுத்துகிறார்கள் என்று ஒரு மறுப்பு உண்டு. பதினேழு வயதுப் பெண் விரும்பிப் போனதற்குப் பையன் மேல் வழக்குப் போடுவது தமிழ்நாட்டில் நடக்கிறது. சென்னை உயர் நீதிமன்றமே 2021-ல் அதைக் கவலையோடு பேசியது. அந்தக் குறையைச் சட்டத்தில் சரிசெய்யத்தான் வேண்டும். ஆனால், காதல் வழக்குகளைக் காட்டி ஒன்பது வயதுக் குழந்தையின் பேச்சைச் சந்தேகிப்பது என்ன நியாயம்? ‘பேரு கெட்டுப்போயிடும், நாளைக்கு யாரு கட்டிக்குவா’ என்ற அச்சம் அந்த மறுப்பைவிட வலுவானது. நானும் அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால், குழந்தையின் அடையாளத்தை வெளியிட ஊடகங்களுக்குத் தடை இருக்கிறது. போலீஸ் சீருடை இல்லாமல், குழந்தையின் வீட்டிலேயே வாக்குமூலம் வாங்கலாம். நீதிமன்றத்துக்குத் திரும்பத் திரும்ப இழுக்கக் கூடாது. நடைமுறையில் இவை எல்லா இடத்திலும் ஒழுங்காக நடப்பதில்லை என்பது உண்மை. அதற்குத் தீர்வு, சட்டம் தருவதைக் கேட்டு வாங்குவது. ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பணத்தைக் கொடுத்து முடித்துவைத்தால், அந்த ஆள் அதே தெருவில் அடுத்த குழந்தையோடு தொடர்ந்து பழகுவான்.

முடித்துவைப்பதே குற்றம் என்பதும் பலருக்குத் தெரியவில்லை. போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவின்படி, தெரிந்தவர் எவரும் தகவல் சொல்லியாக வேண்டும். ஆதாரம் திரட்டுவது அவர் வேலை இல்லை. சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதம்வரை, நிறுவனத் தலைவர் என்றால் ஓராண்டுவரை சிறை. விடுதி மாணவிகளுக்கு நடந்தது தெரிந்தும் சொல்லாத மகாராஷ்டிர மருத்துவர் ஒருவர் மீது ரத்தான வழக்கை 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மீட்டெடுத்தது. பள்ளிப் பாடப்புத்தகங்களில் 1098, 14417 உதவி எண்களை அச்சிட்டாகிவிட்டது, நல்ல காரியம். ஆனால், பிள்ளை போன் எடுத்துச் சொல்லும் என்று காத்திருப்பது, முழுப் பாரத்தையும் அதன் தலையில் ஏற்றுவது. மாற்றத்தை முதலில் பார்ப்பவர்கள் அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதார செவிலியர், டியூஷன் அக்கா, மந்திரித்துக் கயிறு கட்டும் பெரியவர். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் பயிற்சி முதலில் இவர்களிடம் போக வேண்டும். மிரட்டாமல், பதிலைத் திணித்துக் கேட்காமல், ‘சொன்னது நல்லதுதான், உன் மேல தப்பு இல்ல’ என்று பிள்ளையிடம் சொல்லவும், அன்றைக்கே 1098-க்குத் தகவல் கொடுக்கவும் கயிறு கட்டுகிறவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.