அறையை அடுக்க வேண்டியவர் யார்?

நடுவண் அரசு ஊழியர்கள் ஊர்விட்டு ஊர் மாறும்போது அவர்தம் பிள்ளைகளின் கல்வி தடைப்படலாகாது என்னும் நோக்கத்தோடு 1963ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டவை இன்றைய கேந்திரிய வித்யாலயாக்கள். ஊர் மாறினாலும் பாடத்திட்டம் மாறுவதில்லை. வீடு மாறிவிடுகிறது. சென்னையிலிருந்து தில்லிக்கும், தில்லியிலிருந்து குவாகாத்திக்கும் செல்லும் குடும்பத்தின் பிள்ளைக்கு, தன் அறை என்பது சில ஆண்டுகளுக்குக் கிடைக்கும் இரவல் இடமே. அந்த இரவல் இடத்தை ஒழுங்காக வைத்துக்கொள்ளும் பொறுப்பு யாருடையது?

பல வீடுகளில் இவ்வினா எழுவதே இல்லை. பிள்ளை பள்ளிக்குச் சென்றதும் தாய் அறைக்குள் நுழைகிறார். கசங்கிய போர்வையை மடிக்கிறார். தரையில் கிடக்கும் காலுறைகளைப் பொறுக்குகிறார். மேசைமேல் பரவிக் கிடக்கும் தாள்களை ஒன்றுசேர்த்து ஏதோ ஓரிடத்தில் வைக்கிறார். மாலையில் திரும்பும் பிள்ளைக்கு அறை அழகாகத் தோன்றுகிறது. ஆனால், மறுநாள் ஒப்படைக்க வேண்டிய நிலவரைபடம் எந்த அடுக்கில் இருக்கிறது என்பது தெரிவதில்லை. அதைத் தேடுவதற்காக அடுக்கியவை எல்லாம் மீண்டும் கலைக்கப்படுகின்றன. அதன்பின் வீட்டில் எழும் பூசலை விரித்துரைக்கத் தேவையில்லை. தாயின் உழைப்பு அன்பினால் விளைந்ததுதான். ஆயினும் அது பிள்ளைக்கு நன்மை செய்வதில்லை. வைத்தவர் ஒருவர், தேடுபவர் வேறொருவர் என்னும் நிலையில் அவ்வறை தூய்மையாக இருக்கலாம். ஒழுங்காக இருக்க முடியாது.

தூய்மையும் ஒழுங்கும் ஒன்றல்ல. தில்லியின் கோடைக்காலப் புழுதிக்காற்று, மூடிய சன்னலின் இடுக்கு வழியாகவும் நுழைந்து ஒவ்வொரு தட்டிலும் படிந்துவிடும். அதனை யார் வேண்டுமானாலும் துடைக்கலாம். எந்தப் பொருள் எங்கே இருக்க வேண்டும் என்பதை மட்டும், அதைப் பயன்படுத்துபவரே முடிவு செய்ய இயலும். தில்லி வீடுகளில் இம்முடிவு இன்னும் இன்றியமையாதது. ஏனெனில் அங்கு ஒவ்வொருவருக்கும் இரு பருவங்களுக்கான உடைமைகள் உண்டு. கம்பளிச் சட்டை, கையுறை, குரங்குக் குல்லா, பஞ்சு பொதிந்த ரஜாய் ஆகியவை சில மாதங்கள் உடலுக்கும், எஞ்சிய மாதங்கள் பெட்டிக் கட்டிலுக்கும் உரியவை. பங்குனியில் அந்துருண்டை இட்டு அவற்றை உள்ளே வைக்கும்போது, கம்பளிச் சட்டையின் கை குட்டையாகிவிட்டதா என்று போட்டுப் பார்க்க வேண்டியவர் பிள்ளைதான். குட்டையானதை அப்போதே பிறருக்குக் கொடுத்துவிட்டால் கட்டிலுக்குள் இடம் மிஞ்சும். கார்த்திகை மாதத்துக் குளிரில், பள்ளி வண்டி வந்து நிற்கும் நேரத்தில், அணிய முடியாத சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கவும் நேராது.

பொருள்களை வகைப்படுத்துவது சிறிய செயல் என்று எண்ணிவிடலாகாது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அதற்கே அளித்தார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற அவர், பயிற்சிக்காக இலண்டன் சென்றபோது அங்கொரு கடையில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டார். துளையிட்ட சில தகடுகளையும் திருகாணிகளையும் வெவ்வேறு விதமாகப் பூட்டினால் வெவ்வேறு பொம்மைகள் உருவாகும். நூல்களின் பொருளையும் அவ்வாறே சிறு கூறுகளாகப் பிரித்து இணைக்கலாம் என்று அவருக்குத் தோன்றிய எண்ணமே, 1933இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறையாக வளர்ந்தது. விடுதலைக்குப் பின் தில்லிப் பல்கலைக்கழகத்திலும் அவர் சில ஆண்டுகள் பணியாற்றினார். அவ்வகையில் அவரும் வேற்றூர் வந்து வாழ்ந்த தமிழரே. பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்களைக் குப்பை என்று ஒதுக்கும் பெற்றோர் இந்த மெக்கானோவை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

படிப்பவரின் நேரம் வீணாகலாகாது என்பது அரங்கநாதன் வகுத்த நூலக விதிகளுள் ஒன்று. இதனை அறைக்குப் பொருத்திப் பார்த்தால் பல குழப்பங்கள் தீரும். நாள்தோறும் எடுப்பவை முன்தட்டில் இருக்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை எடுப்பவை பரணுக்குப் போகலாம். உயர வரிசையில் நிற்கும் நூல்கள் விருந்தினர் கண்ணுக்கு இனியவை. காலை ஏழு மணிக்கு அறிவியல் குறிப்பேட்டைத் தேடும் பிள்ளைக்கு அந்த வரிசையால் பயனில்லை. தமிழர் வீட்டு அடுக்களையில் இருக்கும் அஞ்சறைப்பெட்டி இதற்குச் சிறந்த சான்று. கடுகுக்கும் சீரகத்துக்கும் வெந்தயத்துக்கும் அதில் மாறாத அறைகள் உண்டு. எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும் வேளையில், கண்ணால் பாராமலே கை கடுகை எடுத்துவிடும். மருமகளோ மகளோ அந்த அறைகளை மாற்றி நிரப்பிவிட்டால் பாட்டிக்கு வரும் சினமும், தன் மேசையைப் பிறர் மாற்றி அடுக்கிவிட்டால் பிள்ளைக்கு வரும் சினமும் ஒன்றே. முன்னதை வீடு மதிக்கிறது. பின்னதை அடம் என்கிறது.

தட்டு, பிள்ளையின் கைக்கு எட்ட வேண்டும். மரியா மாண்டிசோரி அம்மையார் 1907இல் உரோமில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் அலமாரிகளும் நாற்காலிகளும் குழந்தைகளின் உயரத்திற்கு ஏற்பவே அமைந்திருந்தன. அவர் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். ஆயினும் நம் வீடுகளில் துணி மாட்டும் கொக்கி இன்றும் தந்தையின் தோளுயரத்தில்தான் அடிக்கப்படுகிறது. எட்டாத கொக்கிக்குக் கீழே சட்டை தரையில் கிடந்தால், குற்றம் பிள்ளையுடையது மட்டுமன்று.

பொறுப்பு பிள்ளையுடையது என்று கூறும்போது, அது பெண்பிள்ளையை மட்டுமே குறிப்பதாகப் பொருள்கொள்ளும் வீடுகளும் உள்ளன. அண்ணன் விட்டெறிந்த போர்வையைத் தங்கை மடிக்கிறாள். தங்கையின் பாராட்டுக்குரிய பண்பாக அது பேசவும்படுகிறது. இது பண்பன்று, அநீதி. தன் போர்வையைத் தானே மடிக்கத் தெரியாத பையன், நாளை விடுதியில் தங்கிப் படிக்கும்போது அல்லற்படுவான். அதுகூடப் பெரிதன்று. இன்று பத்து வயதுத் தங்கையின் விளையாட்டு நேரம் பறிபோகிறதே, அதுதான் பெரிது.

அறை என்னுடையது, அது எப்படிக் கிடந்தால் உங்களுக்கென்ன என்று வாதிடும் பிள்ளைகளும் உண்டு. இரண்டே அறைகள் கொண்ட அரசுக் குடியிருப்பில் அந்த வாதம் செல்லாது. ஊரிலிருந்து வரும் பாட்டிக்கும் படுக்கை அதே அறையில்தான். இரவில் தண்ணீர் குடிக்க எழும் அவர் காலடியில் ஒரு பொம்மைக் காரின் சக்கரம் உருண்டால், முதுமையில் முறிந்த இடுப்பெலும்பு எளிதில் கூடுவதில்லை. ஆகவே தரை பொதுவானது. உறங்குவதற்கு முன் அதில் எப்பொருளும் கிடக்கலாகாது. மேசையும் ஒரு தட்டும் பிள்ளைக்கே உரியவை. அங்கு நிலவும் ஒழுங்கு பெரியவர்களின் கண்ணுக்கு ஒழுங்காகத் தோன்றாவிடினும் அவர்கள் கைவைக்கலாகாது. இந்த எல்லையை இருதரப்பும் மதித்தால், நாள்தோறும் கால்மணி நேரத்திற்குமேல் அடுக்கும் வேலை இராது.

எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதே மிகவும் கடினமான பகுதி. மாற்றல் ஆணை வந்ததும் வீட்டில் கழிக்கும் வேலை தொடங்கிவிடுகிறது. லாரியில் இடம் குறைவு. கபாடிவாலா வாசலில் நிற்கிறார். தேர்வுக்கு உதவாதவை முதலில் எடைக்குப் போகின்றன. பெரும்பாலும் அவை தமிழ்நூல்களாகவே இருக்கின்றன. தாத்தா வாங்கித் தந்த படக்கதைப் புத்தகம், முதன்முதலில் உயிரெழுத்து எழுதிய ஏடு, ஊரிலிருந்து வந்த அஞ்சலட்டைகள் எனப் பலவும் கிலோக் கணக்கில் நிறுக்கப்படுகின்றன. ஆங்கில நூலை எந்த நகரிலும் மறுபடி வாங்கலாம். கிழிந்த தமிழ்ப் படக்கதையைக் குவாகாத்தியில் எந்தக் கடையில் தேடுவது? தாத்தாவின் கையெழுத்து எந்தக் கடையிலும் கிடைக்காது. பிள்ளையைக் கேட்டிருந்தால், உடைந்த பொம்மைகள் பத்தினைக் கொடுத்துவிட்டு இந்த அஞ்சலட்டைகளை வைத்துக்கொண்டிருக்கும். கேட்காமல் கழிக்கப்பட்ட வீட்டில் வளரும் பிள்ளை, அதன்பின் எதையும் கழிக்க மறுக்கிறது. உபயோகமற்ற பேனா மூடியைக்கூடத் தலையணைக்கடியில் ஒளிக்கிறது.

ஆதலால், மற்றப் பெட்டிகளைக் கட்டுவதற்கு முன் பிள்ளையிடம் ஓர் அட்டைப்பெட்டியைக் கொடுத்துவிட வேண்டும். அதன் அளவைப் பெற்றோர் முடிவு செய்யலாம். உள்ளே செல்பவற்றைப் பிள்ளை முடிவு செய்யட்டும். மூடியபின் மேற்புறத்தில் தன் பெயரையும் உள்ளிருப்பவற்றின் பட்டியலையும் தமிழிலேயே எழுதட்டும். குவாகாத்தியில் சாமான் இறக்குபவருக்கு அவ்வெழுத்தைப் படிக்கத் தெரியாது, பிள்ளைக்குத் தெரியும். பாத்திரங்கள் இருக்கும் பெட்டி எதுவென்று பெரியவர்கள் தேடிக்கொண்டிருக்கும் வேளையில், அது தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, புது அறையின் எந்தச் சன்னலோரம் வெளிச்சம் நன்றாக வருகிறது என்று பார்க்கச் சென்றிருக்கும்.