பாரமும் காற்றும்

மாலை வேளையிற் படப்பைக் கடைத்தெருவில் சிறிது நேரம் நிற்பார்க்கு ஒரு காட்சி புலனாகும். ஒரகடத்து ஆலைகளினின்று திரும்பும் இளைஞர் இருவர் ஒரே மோட்டார் சைக்கிளில் வருவர். அரிசி மூட்டையொன்றையும் ஏற்றிக்கொள்வர். பின்சக்கரத்து டயர் பிதுங்கி நிற்கும். அதனைக் காலால் ஒருமுறை உதைத்துப் பார்த்து, ‘காற்று இருக்கிறது’ எனப் புறப்பட்டுவிடுவர். இவ்வழக்கம் ஒழிதல் வேண்டும் என்பது நம் கருத்து.

பாரத்தைப் பெரிதும் தாங்குவது இரப்பர் அன்று. அதனுள் அடைபட்ட காற்றே. காற்றுக் குறையின், டயரின் பக்கச்சுவர் சுழலுந்தோறும் மடங்கி நிமிரும், வெப்பம் மிகும், ஓரங்கள் தேயும், வளைவில் வண்டி கைக்கு அடங்காது. மிகினோ, நடுப்பகுதி மட்டுமே நிலந்தொட்டுப் பிடிப்புக் குறையும். ஆதலின் தனியே செல்வார்க்குப் பின்சக்கரத்தில் 30 பவுண்டு எனின் இருவர்க்கு 32 என்றாற்போல வண்டிக் கையேடுகள் வேறுபடுத்துக் கூறுகின்றன.

‘நாடோறும் இருமுறை காற்றை மாற்றுவார் யார்?’ என்று வினவலாம். அது வேண்டுவதன்று. பெரும்பாலும் இருவராய்ச் செல்வோர் இருவர்க்குரிய அளவையே வைத்துக்கொள்க. ஓரிரு பவுண்டு மிகுதியால் வருவது சிறு குலுக்கல். குறைவால் வருவது பெருங்கேடு. வாரம் ஒருமுறை, வண்டி ஓடிச் சூடேறுமுன், அளவுகருவியால் அளந்தறிக. பெட்ரோல் நிலையங்களிற் காற்றுக்குக் காசு இல்லை.

காற்றைக் கூட்டி எதனையும் ஏற்றலாம் என்பதும் பிழை. மயிற்பீலியும் அளவிறந்தால் அச்சை முறிக்கும் என்பதை வலியறிதல் அதிகாரத்துள் வள்ளுவர் உணர்த்தினர். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் பின்னே ஒருவர்க்கே இடந்தருகின்றது.

சென்ற மழைக்காலத்தில் நம் நண்பர் ஒருவர் தம் தங்கையை ஏற்றிவருகையில் வளைவில் வழுக்கி வீழ்ந்தார். தங்கையின் முன்கை முறிந்தது. பின்னர் அளந்தபோது பின்சக்கரத்தில் 18 பவுண்டே இருந்தது. நண்பர் இன்றும் அதனை நினைந்து வருந்துகின்றார்.

ஒரகடத்தில் 2013 முதல் ராயல் என்பீல்டு வண்டிகள் ஆக்கப்படுகின்றன. டயர் ஆலையும் ஆண்டு உளது. இவற்றைத் தம் கையாற் செய்யும் ஊரார் காற்றைக் காலால் அளப்பது தகுமோ? பின்னே அமர்வார் தம் உயிரை நம்மை நம்பியே ஒப்படைக்கின்றனர். அந்நம்பிக்கையும் நாம் ஏற்றிய பாரமே என்று உணர்வோமாக.