கழிமுகத்துக்கு ஒப்பாரி வேண்டாம்

எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றி இரண்டு வகை ஆட்கள் எழுதுகிறார்கள். ஒருவர் அதிகாரி. 'நீரின் தரம் வரம்புக்குள் உள்ளது' என்று எழுதுகிறார். இன்னொருவர் கவிஞர். 'ஆறு செத்துவிட்டது' என்று எழுதுகிறார். முதலாமவர் பொய் சொல்றார், இரண்டாமவர் உண்மை பேசறார் என்பதுதான் நம்மிடையே உள்ள பொது அபிப்பிராயம். என் கட்சி வேறு. இருவருமே தண்ணீரின் மேற்பரப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள். இருவர் எழுதியதும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் போய்ச் சேர்கிறது: அங்கே காப்பாற்ற ஒன்றுமில்லை.

அதிகாரியைத் திட்டுவது சுலபம், அதைச் செய்ய நிறையப் பேர் இருக்கிறார்கள். அவரையும் விடப்போவதில்லை. ஆனால் இந்தக் கட்டுரையின் சண்டை முக்கியமாக இலக்கியம் வாசிக்கிற, எழுதுகிற நம் கூட்டத்தோடுதான்.

முதலில் அதிகாரியின் பாட்டிலை எடுத்துக்கொள்வோம்.

விலங்கியல் படித்தவன் என்ற முறையில் அந்தப் பாட்டிலோடு எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளக்க விங்க்ளர் முறை என்று ஒன்று இருக்கிறது. காற்றுக்குமிழ் புகாமல் கண்ணாடிப் புட்டியை நிரப்பி, எடுத்த இடத்திலேயே இரண்டு ரசாயனங்களை விட வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு நிறத்தில் வீழ்படிவு இறங்கும். அதை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து அளப்பார்கள். நூறு வருஷத்துக்கும் மேலாகப் புழக்கத்தில் இருக்கிற, நேர்மையான முறை. முறையில் கோளாறு இல்லை. எத்தனை மணிக்கு, எந்த ஆழத்தில், ஏற்றத்திலா வற்றத்திலா எடுத்தீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கழிமுகம் ஆறும் இல்லை, கடலும் இல்லை. கடல் நீர் கனமானது, அடியில் நுழையும். ஆற்று நீர் லேசானது, மேலே மிதந்து வெளியேறும். ஆகவே ஒரே இடத்தில், ஒரே நிமிஷத்தில், மேலே ஒரு தண்ணீரும் கீழே வேறு தண்ணீரும் இருக்கலாம். சாக்கடைச் சத்தில் கொழுத்த பாசி பகல் முழுக்க ஆக்சிஜனை வெளியிடும். ராத்திரி அதே பாசி மூச்சுவிட்டு ஆக்சிஜனைத் தின்னும். விடியற்காலையில்தான் அளவு அடிமட்டத்துக்குப் போகும். மீன் மூச்சுத் திணறுவது அந்த நேரத்தில். காலை பதினொரு மணிக்கு ஜீப்பில் வந்திறங்கி, பாலத்திலிருந்து வாளி விட்டு மேல்தண்ணீரை மொண்டால் ஆக்சிஜன் அமோகமாக இருக்கும். அந்த எண் பொய்யில்லை. ஆனால் அந்த எண்ணை வைத்து 'மீன் வாழத் தகுந்த நீர்' என்று எழுதினால் அது பொய்.

அடுத்தது சேறு. ஆற்று நீர் சுமந்துவரும் நுண்ணிய களிமண் துகள்கள் உப்புத் தண்ணீரைச் சந்தித்ததும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி அடியில் படிகின்றன. ஈயம், காட்மியம், குரோமியம் போன்ற உலோகங்கள் பெரும்பாலும் இந்தத் துகள்களைப் பிடித்துக்கொண்டே பயணிக்கின்றன. துகளோடு சேர்ந்து அவையும் படிந்துவிடும். தண்ணீர் இன்றைக்கு வரும், நாளைக்குப் போகும். சேறு போகாது. ஒரு தொழிற்சாலை நாற்பது வருஷம் என்ன கொட்டியது என்ற கணக்கு சேற்றில் அடுக்கடுக்காக இருக்கிறது. தண்ணீரை மட்டும் சோதிக்கிற அறிக்கை, திருடன் வீட்டு வாசல் சுத்தமாகப் பெருக்கியிருக்கிறது என்று சான்றிதழ் தருவதற்குச் சமம்.

சரி, இதெல்லாம் தெரிந்த கதைதானே, நாங்களும் அதைத்தானே 'செத்த ஆறு' என்று சொல்கிறோம் என்று கேட்பீர்கள். இல்லை. நீங்கள் சொல்வது வேறு.

செத்த இடத்தில் யாரும் தொழில் செய்ய மாட்டார்கள். எண்ணூர்க் கழியில் இன்றைக்கும் தொழில் நடக்கிறது. வலை போடுகிறார்கள். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். மடவை வருகிறது, கொடுவா வருகிறது, நண்டு வருகிறது. முன்பு மாதிரி வருவதில்லை என்று அவர்களே சொல்வார்கள். 'முன்பு மாதிரி இல்லை' என்பதற்கும் 'செத்துப்போச்சு' என்பதற்கும் இடையில் பல ஆயிரம் பேருடைய அன்றாடச் சோறு இருக்கிறது. உங்கள் கவிதையின் கடைசி வரியில் அந்தச் சோறு காணாமல் போகிறது.

இது உணர்ச்சிப் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். சட்டப் பிரச்சினை. நம் நாட்டில் கடலோர நீரின் தரத்தை ஐந்து வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். எதை வைத்து? அந்த நீர் எதற்குப் பயன்படுகிறது என்பதை வைத்து. உப்பளம், சிப்பி எடுத்தல், கடல்நீர் வளர்ப்பு, சூழலியல் முக்கியத்துவம் உள்ள பகுதி என்றால் முதல் வகுப்பு. அங்கே ஆக்சிஜன் லிட்டருக்குக் குறைந்தது 5 மில்லிகிராம் இருக்க வேண்டும். துறைமுக நீர் நான்காம் வகுப்பு. கப்பல் போக்குவரத்து, கட்டுப்படுத்தப்பட்ட கழிவு வெளியேற்றம் என்றால் ஐந்தாம் வகுப்பு. இந்த இரண்டுக்கும் 3 மில்லிகிராம் போதும்.

ஒரு நீர்நிலையை என்னவென்று அழைக்கிறோம் என்பதில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் ஆக்சிஜன் அடங்கியிருக்கிறது. மட்டி பொறுக்கும் இடம் என்றால் ஒரு கணக்கு. கழிவு போகிற வழி என்றால் இன்னொரு கணக்கு. நீங்கள் துக்கத்தோடு 'சாக்கடை' என்று எழுதுகிறீர்கள். ஆலைக்காரர் சந்தோஷத்தோடு அதையே சொல்கிறார்: 'ஏற்கெனவே சாக்கடைதானே சார்.' சொல் ஒன்றுதான், லாபம் அவருக்கு.

பெயரை மாற்றுவது மட்டுமில்லை, இடத்தையே அழித்துவிடலாம். கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையின் கீழ் 1996இல் ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் எண்ணூர்க் கழி பாதுகாக்கப்பட்ட பகுதியாக இருந்தது. பிற்பாடு வந்த இன்னொரு வரைபடத்தில் கழியைக் காணவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாக இது வெளியே வந்து 2017இல் பெரிய சர்ச்சை ஆனது. வரைபடத்தில் இல்லாத கழி மேல் கட்டடம் கட்டினால் யார் கேட்பது? வரைபடம் போட்டவர் ஒரு கோட்டில் செய்ததை, இரங்கற்பா எழுதுபவர் ஒரு வரியில் செய்கிறார். நோக்கம் வேறு என்பதை ஒத்துக்கொள்கிறேன். விளைவு வேறில்லை.

அப்படியென்றால் எதைப் பார்க்க வேண்டும், எதை எழுத வேண்டும்? எண்ணூரிலிருந்தே மூன்று விஷயம் சொல்கிறேன்.

முதலாவது, ஆழம். வட சென்னை அனல்மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய்கள் கழியைக் கடந்து போகின்றன. அவை ஒழுகி, சாம்பல் வருஷக்கணக்காகக் கழியில் படிந்தது. சென்னைக் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர்தான். ஹூக்ளியில் பல மீட்டர். அங்கே ஒரு அடி மண் படிந்தால் யாருக்கும் தெரியாது. இங்கே ஒரு அடி சாம்பல் என்பது உள்ளே வந்துபோகும் கடலில் பெரிய பங்கு. வந்துபோகும் தண்ணீர் குறைந்தால் முகத்துவாரத்து மணலைத் தள்ளும் பலமும் குறையும். நம் கரையோரம் மணல் வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கட்டிய கல்சுவர் அதைத் தடுத்து நிறுத்தும். எண்ணூர்த் துறைமுகம் 2001இல் செயல்படத் தொடங்கியது. அது இருப்பது முகத்துவாரத்துக்கு வடக்கே. சுவருக்குத் தெற்கில், அதாவது முகத்துவாரத்துப் பக்கம், மணல் சேரும். உள்ளே சாம்பல், வெளியே மணல்.

முகத்துவாரம் அடைபட்டால் என்ன? வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சு ஏற்றத்தோடு கழிக்குள் வந்து, சில மாசம் தின்று வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போய் முட்டையிடுகிறது. கதவு மூடினால் உள்ளேயும் இறால் இல்லை, கடலிலும் குறையும். கொசஸ்தலை ஆற்று வெள்ளமும் இதே கதவு வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். மீனவர் பிரச்சினை என்று ஒதுக்கியவர்கள் வீட்டுக்குள்ளும் அந்தத் தண்ணீர் வரும்.

இரண்டாவது, காக்கா ஆழி. தென் அமெரிக்க, மத்திய அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த ஒரு சின்னக் கறுப்புச் சிப்பி. கப்பல்களின் எடைநீரோடு வந்திருக்கும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. எண்ணூரில் தரையை ஜமுக்காளம் விரித்த மாதிரி மூடிவிட்டது. பழவேற்காடு வரை போயிருக்கிறது. இறால் புதையும் சேறும் மஞ்சள் மட்டி வாழும் மணலும் அதற்கு அடியில் போய்விட்டன. கையால் இறால் பிடிப்பவருக்குக் கை கிழிகிறது. கவனியுங்கள், இது உயிரில்லாத இடமில்லை. உயிர் நெரிசலாக இருக்கிற இடம். எந்த உயிர், யாரை வெளியேற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. 'செத்த ஆறு' என்று எழுதும் பேனாவால் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது.

மூன்றாவது, எண்ணெய். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு, மணலியில் உள்ள பொதுத்துறை எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து கசிந்த எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கழிக்குள் இறங்கியது. படகுகள், வலைகள், கண்டல் செடிகள், கூழைக்கடா எல்லாம் கறுப்பாகிப்போன படங்களைப் பகிர்ந்தோம். மேலே மிதந்த எண்ணெயை மீனவர்களே பக்கெட்டில் அள்ளிய காட்சியையும் பார்த்தோம். நிவாரணம் குடும்பத்துக்கு இவ்வளவு, படகுக்கு இவ்வளவு என்று கணக்கிடப்பட்டது. படகே இல்லாமல் கையால் பிடிப்பவருக்குப் படகுக் கணக்கு எங்கே? சேற்றில் இறங்கிய எண்ணெய் அடுத்த வருஷ இறாலை என்ன செய்தது என்பது எந்தக் கணக்கில் வரும்? படங்கள் ஓய்ந்த பிறகு வர வேண்டிய கேள்விகள் இவை. அதற்குள் நாம் அடுத்த துக்கத்துக்குப் போய்விட்டோம்.

இன்னொரு விஷயம் சொன்னால் கோபம் வரும், பரவாயில்லை. 'எண்ணூர் மீன் எல்லாம் விஷம்' என்று ஒரு பதிவு வருகிறது. பல்லாயிரம் பேர் பகிர்கிறார்கள். மறுநாள் காலையில் விலை விழுவது யாருக்கு? அனல்மின் நிலையத்தின் ஒரு யூனிட்டாவது நிற்கிறதா? கூடையோடு உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம்தான் 'எங்க புடிச்சது இது?' என்று கேட்டுவிட்டு நகர்ந்துபோகிறார்கள். மீனில் உலோகம் இல்லை என்று நான் சொல்லவில்லை. எந்த உலோகம், எந்த உயிரில், எந்த உறுப்பில் என்று கேட்கச் சொல்கிறேன். பாதரசம் உணவுச் சங்கிலியில் மேலே போகப் போகக் கூடும், ஆகவே கொன்றுதின்னும் பெரிய மீனில் அதிகம் இருக்கும். காட்மியம் பெரும்பாலும் தசையைவிட ஈரலில் சேரும். தண்ணீரை வடிகட்டித் தின்னும் சிப்பியின் கதை வேறு, சேற்றுப்பாசி மேயும் மடவையின் கதை வேறு. சிப்பிகளை வைத்தே கடலோர மாசைக் கண்காணிக்கலாம் என்று 1975லேயே எட்வர்ட் கோல்ட்பெர்க் முன்வைத்தார். அமெரிக்கா அதை நாடு தழுவிய திட்டமாக்கியது. எண்ணூரில் மாதாமாதம், உயிர்வாரியாகச் சோதித்து, தமிழில், ஏலம் நடக்கும் இடத்தில் பலகை போட்டு எழுதிவைக்க என்ன தடை? அதைக் கேட்பதை விட்டுவிட்டு 'எல்லாம் விஷம்' என்பது, குற்றவாளியை விட்டுவிட்டுச் சாட்சியை அடிப்பது.

'அப்போ கரண்ட் வேண்டாமா?' என்று கேட்பவர் ஒருவர் எப்போதும் இருப்பார். வேண்டும். ஒழுகாத குழாய் போட்டாலும் கரண்ட் வரும்.

விவரம் ஜெயிக்கும் என்பதற்கு எண்ணூரே சாட்சி. சாம்பல் விவகாரத்தில் மீனவர் ஒருவர் தொடுத்த வழக்கில் 2022இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு மின்வாரியத்தைப் பொறுப்பாக்கித் தீர்ப்பு சொன்னது. அங்கே போய் நின்றது கண்ணீர் இல்லை. எந்தக் குழாய், எங்கே ஒழுகல், எவ்வளவு ஆழம் தூர்ந்தது என்ற கணக்கு. கலை செய்யக்கூடாது என்றும் நான் சொல்லவில்லை. 2017இல் டி.எம். கிருஷ்ணா பாடிய சென்னை புறம்போக்கு பாடல் எண்ணூரிலேயே படமாக்கப்பட்டது. அது வேலை செய்ததற்குக் காரணம், ஆற்றுக்காக அழாமல் 'புறம்போக்கு' என்ற ஒரு வருவாய்த்துறைச் சொல்லைக் கையில் எடுத்து, அது யாருடையது என்று கேட்டது.

நமக்குத் தெரிந்த தொழில் சொல். ஆகவே சொல்லில் ஒழுங்காக இருப்போம். கழியை 'சாக்கடை' என்று எழுதும் முன்னால், அதை மட்டி எடுக்கும் இடம் என்று சட்டத்தில் பதியவைக்கப் போராடுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். 'செத்துவிட்டது' என்று எழுதும் முன்னால் விடியற்காலை நான்கு மணி ஆக்சிஜன் அளவைக் கேளுங்கள். அறிக்கை வந்தால் சேற்றைச் சோதித்தீர்களா, வற்றத்திலா எடுத்தீர்கள் என்று தகவல் உரிமையில் ஒரு மனு போடுங்கள். மனுக் கட்டணம் பத்து ரூபாய். அதுவும் எழுத்துதான்.