செத்த பிறகும் கான்டீன் டோக்கன்

புதுச்சேரிக்காரர்களுக்கு எமன் அந்நியர் இல்லை. நவம்பர் 2 கல்லறைத் திருநாள் என்றால் உப்பளம் கல்லறைத் தோட்டத்தில் சமாதிக்குச் சமாதி பூவும் மெழுகுவத்தியும்தான். அரவிந்தர் சுமார் 24,000 வரியில் 'சாவித்ரி' எழுதி, ஒரு பெண்ணை எமனோடு வாதாட விட்டதும் இதே ஊரில்தான். ஆனாலும் வீட்டில் பிளஸ் டூ பிள்ளை 'செத்தா என்னப்பா ஆகும்?' என்று கேட்டால், 'போய்ப் படிடா' என்பதுதான் நம் பதில்.

ஜப்பான்காரர்கள் அந்தக் கேள்வியைக் கார்ட்டூனாகவே எடுத்துவிட்டார்கள். பெயர் 'ஏஞ்சல் பீட்ஸ்'. 2010 ஏப்ரலிலிருந்து ஜூன் வரை அங்கே டி.வி.யில் வந்தது. 13 எபிசோட். எழுதியவர் ஜுன் மயேதா. அற்பாயுசில் போன பிள்ளைகள் கண் விழிக்கும் இடம் சொர்க்கமுமில்லை, நரகமுமில்லை. ஹாஸ்டலோடு கூடிய பள்ளிக்கூடம்! யூனிஃபார்ம் உண்டு, பரீட்சையும் உண்டு. (நரகமேதான் என்று நம் பிள்ளைகள் சத்தியம் பண்ணுவார்கள்.)

ஒழுங்காக கிளாஸுக்குப் போய், மனசு ஆறிவிட்டால் ஆள் மறைந்துவிடும். அதனாலேயே கட் அடிக்கிறார்கள். யூரி என்கிற பெண் கோஷ்டி சேர்த்துக்கொண்டு கடவுளுக்கு எதிராகவே கொடி பிடிக்கிறாள். அவள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. வீடு புகுந்த திருடர்கள் அவளுடைய தம்பி, தங்கைகளைக் கொன்றிருக்கிறார்கள். ஆனால் கோபம் சோறு போடுமா? கான்டீனில் கச்சேரி வைத்து, கூட்டம் மயங்கியிருக்கும்போது ராட்சத ஃபேனைப் போட்டு, சாப்பாட்டு டோக்கன்களைப் பறக்கவிட்டுப் பொறுக்குகிறார்கள். நம்ம கடோபநிஷத்து நசிகேதன் பாவம், எமன் வீட்டு வாசலில் மூணு ராத்திரி கொலைப் பட்டினி. அப்புறம் எமன் தந்த மூணு வரத்தில் பையன் முதலில் கேட்டது என்ன தெரியுமோ? அப்பாவின் கோபம் தணியவேண்டும் என்பதுதான்!

கதையில் ஒடோனாஷி என்று ஒரு பையன். காலேஜ் நுழைவுத் தேர்வு எழுதப் போகும்போது ரயில் சுரங்கத்தில் விபத்து. உள்ளே சிக்கியவர்களை நாள் கணக்கில் கவனித்துக்கொள்கிறான். கடைசியில் உறுப்பு தானத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாகிறான். மீட்க ஆள் வருவதற்கும் உயிர் போவதற்கும் சரியாக இருக்கிறது. அவன் இதயம் யாருக்குப் போனது என்பதுதான் க்ளைமாக்ஸ். சொல்லமாட்டேன்.

டாக்டர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். பொதுவாக மூளைச்சாவு உறுதியானவரிடமிருந்து, இதயம் துடிக்கும்போதே எடுத்து, நாலைந்து மணி நேரத்துக்குள் பொருத்தியாகணும். அப்படி நிஜமாகவே நடந்தது நம் பக்கத்தில்தான். 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து ஹிதேந்திரன், வயசு 15, பைக் விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். அப்பா, அம்மா இருவருமே டாக்டர்கள். அவர்கள் சம்மதித்தார்கள். சென்னையில் போலீஸ் டிராஃபிக்கை நிறுத்தி வழிவிட, அவன் இதயம் ஒரு சிறுமிக்குப் போய்ச் சேர்ந்தது.

ஜப்பானில் அன்றைக்குச் சட்டம் கறார். 15 வயசுக்குக் கீழே தானமே கூடாது, மற்றவர்களுக்கும் சொந்தக் கையெழுத்து வேண்டும். குடும்பம் சொன்னால் போதும் என்று திருத்தியது அமலுக்கு வந்தது 2010 ஜூலையில். சீரியல் முடிந்து சில வாரம்தான் ஆகியிருந்தது.

நம் ஊரில் கார்டு பர்ஸில் இருந்தாலும், கடைசியில் ஆஸ்பத்திரிக்காரர்கள் கேட்கப்போவது வீட்டு மனுஷர்களைத்தான். அதனால் முன்கூட்டியே அம்மாவிடம் சொல்லி வைக்கணும். சாப்பாட்டு வேளையில் மட்டும் வேண்டாம், கரண்டி பறக்கும்.