ஸ்பானர் இருந்தா வீட்டைக் கழட்டலாம்!

கொசுவத்தியைக் கொஞ்சம் பின்னாடி சுத்துங்க. வருஷம் 1948. இடம் அமெரிக்கா. இரண்டாம் உலகப் போர் முடிஞ்சு லட்சக்கணக்கான சிப்பாய்கள் ஊர் திரும்பியாச்சு. கல்யாணம் ஆச்சு, குழந்தையும் வந்தாச்சு... குடியிருக்க வீடுதான் இல்லை!

அப்போதான் கார்ல் ஸ்ட்ராண்ட்லண்ட் என்பவர், கார் மாதிரியே வீட்டையும் ஃபேக்டரியில் தயாரிக்கக் கிளம்பினார். ஒஹாயோ மாநிலம் கொலம்பஸ் நகரில், போர் விமானம் செய்துகொண்டிருந்த ஃபேக்டரியில் வேலை ஆரம்பம். வீட்டின் பெயர் லஸ்ட்ரான்.

சுவர், கூரை, உள் தடுப்பு எல்லாமே ஸ்டீல். அதன் மேல் எனாமல் பூச்சு. பாட்டி வீட்டுப் பரணில் எனாமல் தட்டு கிடக்குமே, அதே டெக்னாலஜிதான் பாஸ்! துரு பிடிக்காது, பெயின்ட் அடிக்க வேண்டாம், தண்ணி ஊத்திக் கழுவினா போதும். ஒரே பிரச்னை, சுவரில் ஆணி அடிக்க முடியாது. காலண்டர் மாட்டணும்னா காந்தம்தான்! ஒரு வீட்டுக்கு 3,000-க்கும் மேற்பட்ட பாகங்கள். மொத்தமும் ஒரே டிரெய்லர் லாரியில் வந்து இறங்கும். போல்ட், ஸ்க்ரூ போட்டு மாட்டினா வீடு ரெடி.

ஐடியா சூப்பர். கணக்குதான் உதைச்சது. கோடிக்கணக்கான டாலர் அரசுக் கடன், ஆனா உற்பத்தி திட்டமிட்ட வேகத்துக்கு வரவே இல்லை. 1950-லேயே கம்பெனி திவால். கடைசியில் உருவானது சுமார் 2,500 வீடுகள்தான்.

அதே காலத்தில் நம்ம டெல்லியிலும் பிரிவினை அகதிகளுக்காக, கான்கிரீட் பலகைகளைச் சேர்த்து வீடு செய்ய ஜங்புராவில் அரசே ஒரு ஃபேக்டரி ஆரம்பிச்சது. அந்தப் பலகைகளோ விரிசல் விட்டு மானத்தை வாங்கிடுச்சு!

இலவசமா கொடுத்தும் ஆளில்லை!

வர்ஜீனியாவில் குவான்டிகோ மரைன் படைத் தளத்தில் சுமார் 60 லஸ்ட்ரான் வீடுகள் வரிசையா நின்னுச்சு. 2006-ல், 'வேணுங்கிறவங்க இலவசமா கழட்டி எடுத்துட்டுப் போகலாம்'னு அறிவிச்சாங்க. என்ன ஆச்சு? பெரும்பாலானவை இடிபட்டதுதான் மிச்சம். யோசிச்சுப் பாருங்க... ஒவ்வொரு பாகத்துக்கும் நம்பர் போடணும், அலுங்காமக் கழட்டணும், லாரி பிடிக்கணும், திரும்ப மாட்ட ஒரு மனையும் வாங்கணும். வீடு ஓசி, மத்ததெல்லாம் காசு!

ஸ்பானரால் கழட்டக்கூடிய வீட்டுக்கே இந்தக் கதி. செங்கல்லும் சுண்ணாம்புமா ஒட்டிக்கிட்டு நிக்கிற நம்ம ஊர் வீடுகளுக்கு?

மயிலாப்பூர் டு அடையாறு

பெரிய ஏரி ஒண்ணைத் தூர்த்து 1920-களில் உருவான தி.நகர், 1940-களின் கடைசியில் கூட்டுறவுச் சங்கம் மூலம் எழும்பிய அடையாறு காந்தி நகர், அதுக்கெல்லாம் ரொம்ப சீனியரான மயிலாப்பூர்... இந்த ஏரியாக்களில் நடக்கும்போது தலையைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்க. வளைஞ்சு திரும்பும் பால்கனி, கப்பல் மாதிரி வட்ட ஜன்னல், உதயசூரியக் கதிர் போட்ட இரும்பு கிரில், படிப்படியா ஏறும் கைப்பிடிச் சுவர். இந்த ஸ்டைலுக்குப் பேர் ஆர்ட் டெகோ. பாரிமுனையில் 1940-ல் எழுந்த டேர் ஹவுஸ் இதுக்குப் பெரிய உதாரணம். மும்பையின் ஆர்ட் டெகோ கட்டடங்களுக்கு 2018-ல் யுனெஸ்கோ அந்தஸ்தே கிடைச்சாச்சு. நம்ம ஊர் வீடுகளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஜே.சி.பி.தான்!

'ஐயையோ, இடிக்காதீங்க'ன்னு சொல்றது ஈஸி. ஆனா ஓனர் நிலைமையில் நின்னு பாருங்க. தாத்தா கட்டின வீடு, ரெண்டு கிரவுண்டு, வாரிசு மூணு பேர். ஒழுகும் மாடியை ரிப்பேர் பண்ண யார் காசு போடறது? பில்டர் வந்து 'ஆளுக்கொரு ஃப்ளாட்' என்றால் யார்தான் மாட்டேன்பாங்க? அவங்களை வில்லனாக்கிப் பிரயோஜனம் இல்லை. பர்மா தேக்குக் கதவும் கிரில்லும் பழைய சாமான் கடைக்குப் போயிடும். ரெட் ஆக்ஸைடு தரையை யாராலும் பெயர்த்து எடுத்துட்டுப் போக முடியாது.

கழட்டி மாட்டியும் காட்டினாங்க. ஈ.சி.ஆரில் முட்டுக்காடு பக்கம் 1996-ல் திறந்த தட்சிணசித்ராவில் நிற்கும் செட்டிநாட்டு வீடு, ஊரில் பிரிச்செடுத்து, இங்கே கொண்டுவந்து, மறுபடி கட்டினது. அருமையான வேலை! ஆனா ஒரு தெருவையே அப்படித் தூக்கிட்டு வர முடியாதே?

சட்டம் என்ன சொல்லுது?

மவுன்ட் ரோடு பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை 2006-ல் இடிக்க ஆரம்பிச்சப்போ, இன்டாக் அமைப்பு கோர்ட்டுக்குப் போச்சு. 2010-ல் ஹைகோர்ட், 'இடிக்கக் கூடாது'ன்னு தீர்ப்பு சொன்னது. அதோட, விளம்பரப் பலகைகள் பழைய கட்டடங்களை மறைக்காமல் இருக்க நீதிபதி பத்மநாபன் கமிட்டி போட்ட பட்டியலே, 400-க்கும் மேற்பட்ட கட்டடங்களுக்குக் கவசமாச்சு. 2012-ல் பாரம்பரிய ஆணையச் சட்டமும் நிறைவேறிச்சு.

பட்டியலில் பேர் இருந்தாத்தானே கவசம்? செகப்புக் கட்டடம், கோபுரம், கும்மட்டம்னா சட்டுனு கண்ணில் படும். சந்துக்குள்ளே நிற்கும் மாடி வீட்டை யார் கவனிப்பாங்க? பேர் ஏறினாலும், அதனால் ஓனருக்கு வரும் நஷ்டத்தை ஈடுகட்டணும். இடிக்காமல் விட்டவர், தான் பயன்படுத்தாத கட்டட உரிமையை வேற இடத்துக்கு விற்கலாம்னு மும்பை 1990-களிலேயே ஒரு வழி செஞ்சது. அந்த மாதிரி வழி சின்ன வீடுகளுக்கும் சுலபமா கிடைச்சாத்தான் பில்டரோட போட்டி போட முடியும்.

அதுவரை நாம சும்மா இருக்கணுமா? சிவில், ஆர்க்கிடெக்சர் மக்களே, மினி ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடறீங்கதானே? ஒரு தெருவை எடுங்க. ஓனர்கிட்ட அனுமதி கேட்டு, டேப் பிடிச்சு அளந்து, பிளான் போடுங்க. கிரில் டிசைன், ஜன்னல், படிக்கட்டு எல்லாத்தையும் போட்டோ எடுங்க. கட்டின வருஷம், மேஸ்திரி யாருன்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டு எழுதுங்க. காப்பியை உங்க காலேஜ் லைப்ரரியிலும் ஓனர்கிட்டேயும் கொடுங்க. மத்த டிபார்ட்மென்ட்காரங்க? டேப்போட இன்னொரு முனையைப் பிடிக்க ஒரு ஆள் வேணுமே!