ஒதுங்கிப் போகாதவர்கள்

பௌர்ணமி இரவு. திருவண்ணாமலை கிரிவலப் பாதை. 14 கிலோ மீட்டர் தூரமும் மனிதத் தலைகள்! வழியெங்கும் அன்னதானம்.

கூட்டத்தில் ஒரு கிழவிக்குத் தலை சுற்றுகிறது. அப்படியே உட்கார்ந்து விடுகிறாள். என்ன நடக்கும்?

நாலு பேர் ஓடி வருவார்கள். ஒருவர் தண்ணீர் கொடுப்பார். ஒருவர் துண்டால் விசிறுவார். "பாட்டி, கூட யார் வந்திருக்கிறார்கள்?" என்று ஒருவர் விசாரிப்பார். கிழவி எழுந்து நடக்கும் வரை யாரும் நகர மாட்டார்கள்.

இன்னொரு காட்சி. அதே ஊர்தான். சேர்ந்தாற்போல் ஒரு மாதம் எச்சில் தட்டு கழுவிய சிறுவன், "கூலி கொடுங்க" என்று கேட்கிறான். முதலாளி அவன் கன்னத்தில் ஓங்கி அறைகிறார். சிறுவன் கீழே விழுகிறான். இப்போது நாலு பேர் ஓடி வருகிறார்களா?

இல்லை. நாலு பேரும் வேறு பக்கம் பார்க்கிறார்கள். "நமக்கேன் வம்பு?" என்று நடையைக் கட்டுகிறார்கள்.

ஏன் இந்த வித்தியாசம்? கிழவிக்காக ஓடி வந்தவர்கள் நல்லவர்கள். சிறுவனைப் பார்த்துப் போனவர்கள் கெட்டவர்களா? அப்படி இல்லை. இரண்டு இடத்திலும் அதே மனிதர்கள்தான்!

கிழவியை வீழ்த்தியது மயக்கம். மயக்கம் உதவி செய்தவரை அடிக்காது. சிறுவனை வீழ்த்தியது ஒரு மனிதர். தட்டிக் கேட்டால் அவர் கேட்டவரையும் அடிப்பார். அல்லது கடன் கொடுக்க மாட்டார். அல்லது பகை வைத்துக் கொள்வார்.

2024-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி, பெருமழையில் அண்ணாமலையின் மண்ணும் பாறையும் சரிந்தன. அடிவாரத்தில் வ.உ.சி. நகரில் 7 பேர் மாண்டார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. ஊர் பேர் தெரியாதவர்கள் கூட அந்தச் செய்தியைப் படித்துக் கலங்கினார்கள். மலை இடிந்தால் மனம் இளகுகிறது. மனிதன் மனிதனை இடித்தால் மட்டும் கதவு சாத்தப்படுகிறது.

இரக்கப்படுவது வேறு, துணை நிற்பது வேறு. இரக்கத்துக்கு ஈர மனம் போதும். துணை நிற்க நெஞ்சுரமும் வேண்டும். பைபிள் சொல்லும் ஒரு கதை இதைத்தான் சொல்கிறது. அந்தக் கதைப்படி நடந்து காட்டிய சிலர், திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள சீமையிலேயே இருந்தார்கள்.

எரிகோ சாலை

அந்தக் கதையைச் சொன்னவர் இயேசுநாதர். எருசலேமிலிருந்து எரிகோவுக்கு ஒருவன் போகிறான். கள்வர்கள் அவனை அடித்து, உடைமைகளைப் பறித்து, குற்றுயிராகப் போட்டு விட்டுப் போகிறார்கள். அந்த வழியே ஒரு குரு வருகிறார். பார்க்கிறார், ஒதுங்கிப் போகிறார். அடுத்து ஆலய ஊழியர் ஒருவர் வருகிறார். அவரும் ஒதுங்கிப் போகிறார்.

மூன்றாவதாக வந்தவன் சமாரியன். அந்த நாளில் யூதர்கள் சமாரியர்களைத் தாழ்வாக நினைத்தார்கள். அவன்தான் நின்றான். காயத்துக்கு எண்ணெய் வார்த்துக் கட்டினான். அடிபட்டவனைத் தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்துக்குக் கொண்டு போனான். சத்திரக்காரனிடம் பணம் கொடுத்து, "மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன்" என்றும் சொல்லி விட்டுப் போனான்.

இது அன்னதானக் கதை அல்ல. கள்வர் நடமாடும் காட்டுப் பாதை அது. அங்கே ஒருவன் நின்றால் அவனுக்கும் அடி விழலாம். தெரிந்தே நின்றான். அதனால்தான் இரண்டாயிரம் ஆண்டாக அவன் பேர் நிற்கிறது.

இரண்டு எஸ்தர்கள்

பைபிளில் எஸ்தர் என்று ஒரு ராணியின் கதையும் உண்டு. அவள் யூதப் பெண். பாரசீக மன்னனை மணந்தவள். யூதர்களை எல்லாம் கொன்று விட வேண்டும் என்று மந்திரி ஒருவன் ஆணை வாங்கி விட்டான். அரண்மனைக்குள் இருந்த எஸ்தர் வாய் திறக்காமல் இருந்திருக்கலாம். அழைப்பு இல்லாமல் மன்னன் முன் போனால் உயிர் போகும் என்பது சட்டம். ஆனாலும் போனாள். தன் மக்களுக்காகப் பேசினாள், காப்பாற்றினாள்.

அதே பெயர் கொண்ட டென்மார்க் நாட்டுப் பெண் ஒருத்தி தமிழ்நாட்டுக்கு வந்தாள். எஸ்தர் பேரிங் என்பது அவள் பெயர். டேனிஷ் மிஷன் சங்கம் திருவண்ணாமலையிலும் அதைச் சுற்றியும் பள்ளிகள் வைத்துத் தொண்டு செய்து வந்தது. அந்தச் சங்கத்தின் ஊழியராகத்தான் எஸ்தர் வந்தார். பக்கத்துத் திருக்கோவிலூரில் இருந்தார்.

1917-ம் ஆண்டு அவர் காந்தியடிகளின் ஆசிரமத்துக்குப் போய் அவரைக் கண்டார். அவருடைய மனம் அடிமைப்பட்ட இந்தியர்களின் பக்கம் சாய்ந்தது. வெள்ளைக்கார அரசாங்கத்துக்கு அது பிடிக்கவில்லை. மிஷன் சங்கத்துக்கும் பிடிக்கவில்லை. காந்தியோடு தொடர்பு கூடாது என்று தடுத்தார்கள்.

எஸ்தர் என்ன செய்தார்? "நமக்கேன் வம்பு?" என்று இருந்திருந்தால் சம்பளம் உண்டு, பங்களா உண்டு, மரியாதை உண்டு. 1919-ம் ஆண்டு அவர் சங்கத்தை விட்டே விலகினார். கடல் கடந்து வந்த இளம் பெண். இனி ஆதரவுக்கு யாருமில்லை என்று தெரிந்தும் விலகினார். காந்தியடிகள் அவரைத் தம் மகளாகவே நினைத்துக் கடிதங்கள் எழுதினார்.

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. எஸ்தரைத் தடுத்தவர்களும் கிறிஸ்தவர்கள்தான்! எரிகோ சாலைக் கதையில் ஒதுங்கிப் போனவர்கள் ஆலயத்தைச் சேர்ந்தவர்கள் அல்லவா? வேதம் படித்தால் மட்டும் துணிவு வந்து விடாது. கோயிலுக்குப் போகிறவருக்கும் இது பொருந்தும்; மசூதிக்குப் போகிறவருக்கும் பொருந்தும்.

திருப்பத்தூர்ச் சின்னண்ணன்

திருவண்ணாமலையும் திருப்பத்தூரும் அந்த நாளில் வட ஆர்க்காடு ஜில்லாவில் இருந்தன. 1921-ம் ஆண்டு திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமம் தோன்றியது. அதைத் தொடங்கியவர்கள் இரண்டு டாக்டர்கள். ஒருவர் தமிழர், ஏசுதாசன். மற்றவர் ஸ்காட்லாந்துக்காரர், பாரஸ்டர் பேட்டன். ஏசுதாசனைப் பெரியண்ணன் என்றும் பேட்டனைச் சின்னண்ணன் என்றும் மக்கள் அழைத்தார்கள்.

பேட்டன் செல்வக் குடும்பத்துப் பிள்ளை. கம்பளி நூல் ஆலை நடத்திய குடும்பம் அது. ஆனால் அவர் உடுத்தியது கதர். ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார். அந்த ஆசிரமத்து ஆலயத்தைக் கூடத் தமிழ்நாட்டுக் கோபுர அமைப்பிலேயே கட்டினார்கள்.

1932-ம் ஆண்டு. அந்நியத் துணிக் கடைகளின் முன் காங்கிரஸ் தொண்டர்கள் மறியல் செய்து வந்த காலம். சென்னையில் அப்படிப்பட்ட ஓர் இடத்தில் பேட்டன் நின்றிருந்தார். வெள்ளைத் தோல், உடம்பில் கதர். போலீசார் அவரைத் தடியால் அடித்தார்கள்!

ஆளும் இனத்தில் பிறந்தவர் அவர். கோட்டும் தொப்பியும் போட்டிருந்தால் போலீசார் சலாம் வைத்திருப்பார்கள். அடிபடுகிறவர்களின் உடையை உடுத்தியதால் அவர்களுக்கு விழும் அடியும் விழுந்தது. செய்தி கடல் கடந்தது. லண்டன் பார்லிமெண்டில் கேள்வி எழுந்தது. ஊர் பேர் தெரியாத தொண்டர்கள் நாள்தோறும் அடிபட்டார்கள். அங்கே அப்படி யார் கேட்டார்கள்? ஒரு வெள்ளைக்காரர் அவர்கள் பக்கத்தில் போய் நின்றதால், அந்தத் தடி எப்படிப்பட்டது என்று லண்டனுக்கும் தெரிந்தது.

துணை நிற்பதன் பலன் இதுதான். தனி மனிதன் அழுதால் அது அவன் வீட்டு அழுகை. பக்கத்தில் இன்னொருவர் வந்து நின்றால் அது ஊர்க் கேள்வி ஆகி விடுகிறது.

பிஜித் தீவில் வட ஆர்க்காட்டார்

வறுமையால் வட ஆர்க்காட்டுக் கிராமங்களிலிருந்து பலர் கப்பல் ஏறினார்கள். பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் ஐந்தாண்டு ஒப்பந்தக் கூலிகள் ஆனார்கள். 1879 முதல் 1916 வரை இந்தியாவிலிருந்து அங்கே போனவர்கள் சுமார் 60,000 பேர். 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல் போயிற்று.

1915-ம் ஆண்டு சி.எப். ஆண்ட்ரூஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார், பியர்சன் என்ற நண்பருடன் பிஜிக்குப் போனார். கூலி லயன்களுக்குள் நுழைந்தார். பெண்கள் படும் பாட்டைக் கேட்டார். கண்டதை எழுதினார், ஊரறியச் சொன்னார். தோட்ட முதலாளிகள் அவரை வெறுத்தார்கள். அவர் நிறுத்தவில்லை. இந்தியத் தலைவர்களும் ஓயாமல் போராடினார்கள். 1917-ல் ஆள் சேர்ப்பது நின்றது. 1920 ஜனவரி 1-ந் தேதி மிச்சமிருந்த ஒப்பந்தங்களும் ரத்தாயின. "தீனபந்து" என்று இந்தியா அவரைக் கொண்டாடியது. எளியவரின் உறவினர் என்பது அதன் பொருள்.

ஆண்ட்ரூஸ் கையில் வாள் இல்லை, பேனாதான் இருந்தது. அருகே போனார், கேட்டார், சாட்சி சொன்னார். இந்த மூன்றும் படிக்காதவர்களாலும் முடியும்!

இன்று என்ன செய்யலாம்?

"இதெல்லாம் பெரியவர்கள் கதை. சாதாரண மனிதன் என்ன செய்ய முடியும்? போலீஸ், கோர்ட்டு என்று அலைய முடியுமா?" என்று கேட்கலாம். நியாயமான பயம்தான். சாலையில் அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தவரையே குடைந்து குடைந்து கேட்ட காலம் ஒன்று இருந்தது.

இப்போது சட்டம் மாறியிருக்கிறது. 2019-ம் ஆண்டு திருத்திய மோட்டார் வாகனச் சட்டம், விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்துடன் உதவுகிறவரைக் காக்கிறது. அவர் மீது வழக்கு வராது. பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் கூடாது. அப்படி உதவுகிறவருக்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? "நல்ல சமாரியன்!" எரிகோ சாலையில் நின்றவன் இந்தியச் சட்டப் புத்தகத்துக்குள்ளேயே வந்து விட்டான். திருவண்ணாமலைச் சாலையில் யாராவது அடிபட்டுக் கிடந்தால் 108-க்குப் போன் செய்து விட்டுக் கூட நிற்கலாம். பயம் வேண்டாம்.

ஆனால் கூலி கேட்டு அறை வாங்கிய சிறுவனுக்கு அந்தச் சட்டப் பிரிவு உதவாது. அவனுக்கு மனிதர்கள் வேண்டும். முதலாளியோடு மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை. சிறுவன் பக்கத்தில் போய் நின்று, "என்ன தம்பி, என்ன ஆச்சு?" என்று கேட்டால் போதும். ஒருவர் கேட்டால் இன்னொருவர் நிற்பார். நாலு பேர் நின்றால் ஓங்கிய கை தானாக இறங்கும். குழந்தைகளுக்கு 1098 என்ற எண்ணும், பெண்களுக்கு 181 என்ற எண்ணும் இருக்கின்றன. கூப்பிடலாம். நாளை விசாரணை வந்தால், "நான் பார்த்தேன்" என்று சொல்லலாம். அந்த இரண்டு வார்த்தைக்காக ஏங்கித் தோற்ற ஏழைகள் எத்தனை பேர்!

கார்த்திகை தீபத்தன்று 2,668 அடி உயர மலை உச்சியில் ஜோதி தெரிகிறது. லட்சக் கணக்கானவர்கள் அண்ணாந்து பார்த்துக் கை கூப்புகிறார்கள். அந்தக் கண்கள் கொஞ்சம் கீழேயும் பார்க்க வேண்டும். பாதை ஓரத்தில் யாரோ ஒருவர், "யாராவது வர மாட்டார்களா?" என்று பார்த்துக் கொண்டிருக்கலாம். அந்த "யாராவது" யார்? அந்த வழியே போகிறவர்தான்!