மலாக்கா ஆற்றுக்குச் சட்ட உரிமை: காவல் பொறுப்பில் தெமுவான் மக்களே முதல்வர்கள்

எங்கள் நிலைப்பாடு

மலாக்கா மாநிலத்தின் ஆறுகளுக்கும் காடுகளுக்கும் சட்டப்படி உரிமை வேண்டும். அவற்றின் சார்பில் பேசும் பொறுப்பில் தெமுவான் பூர்வக்குடியினர் முதலிடம் பெற வேண்டும். அலோர் காஜா, ஜாசின் தோட்டப்புறங்களிலும் மலாக்கா நகரிலும் வாழும் தமிழர்களின் அமைப்பாக இதை அறிவிக்கிறோம்.

காரணங்கள்

ஆற்றுக்கு உரிமை உண்டு என்று எழுதிவைத்தால் போதாது. அதற்காக வாதாட ஆள் வேண்டும். 2017 மார்ச்சில் நியூசிலாந்து, வாங்கானுயி ஆற்றைச் சட்ட ஆளாக ஏற்றது. அதற்காகப் பேசும் இருவரில் ஒருவரை மவோரி மக்களும் மற்றவரை அரசும் தெரிவு செய்கின்றனர். அதே மாதம் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் கங்கைக்கும் யமுனைக்கும் அத்தகுதியைத் தந்து, அரசு அதிகாரிகளைக் காவலர்களாக்கியது. மாநில அரசே உச்ச நீதிமன்றத்துக்குப் போய், ஜூலையில் அத்தீர்ப்புக்குத் தடை வாங்கியது. ஆகவே ஆற்றின் காவலை அரசு அதிகாரிகளிடம் மட்டும் விடக் கூடாது.

தெமுவான் மக்களின் தலைமை நம் நாட்டில் ஏற்கெனவே மெய்ப்பிக்கப்பட்டது. சிலாங்கூரின் டெங்கிலில் நெடுஞ்சாலைக்காக நிலமிழந்த அவர்கள் வழக்காடி, 2002இல் ஷா ஆலம் உயர் நீதிமன்றத்திலும் 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் வழக்கவழி நில உரிமையை நிலைநாட்டினர். 2021இல் கோல லங்காட் வடக்கு வனக் காப்பகத்தின் ஒரு பகுதி நீக்கப்பட்டபோது அவர்கள் முன்னின்று எதிர்த்தனர். சிலாங்கூர் அரசு அதை மீண்டும் வனமாக்க முடிவெடுத்தது.

ஆற்றையும் காட்டையும் காப்பது எங்கள் பிரச்சினையும்தான். 1991இல் டுரியான் துங்கால் அணை வற்றியபோது மலாக்காவே தண்ணீருக்குத் தவித்தது. தோட்டங்கள் கைமாறி வீடமைப்புப் பகுதிகளானபோது, லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களின் கருத்தை எவரும் கேட்கவில்லை. எங்களுக்கு நேர்ந்தது, எங்களுக்கு முன்பே இம்மண்ணில் வாழ்ந்தவர்களுக்குத் தொடரக் கூடாது.

கோரிக்கைகள்

1. 1954ஆம் ஆண்டுப் பூர்வக்குடியினர் சட்டப்படி செய்த நில ஒதுக்கீட்டை மாநில அரசு பின்னர் ரத்து செய்யவும் முடியும். தெமுவான் கம்போங்குகளின் வழக்க நிலங்களை அளந்து அரசிதழில் வெளியிடுங்கள். அவர்களின் இசைவின்றி ரத்து கூடாது.

2. நிலம் மாநில அதிகாரத்தில் உள்ளது. மலாக்கா ஆற்றுக்கும் நீர்ப்பிடிப்புக் காடுகளுக்கும் வழக்காடும் தகுதி தரும் சட்டத்தை மலாக்கா சட்டமன்றம் இயற்ற வேண்டும். காவலர் குழுவில் பாதி இடம், தெமுவான் மக்கள் தாங்களே தேர்ந்தெடுப்பவர்களுக்கு உரியது.

3. நீர்ப்பிடிப்புப் பகுதியில் மரம் வெட்டவோ நிலப் பயன்பாட்டை மாற்றவோ அனுமதிக்கும் முன், அம்மக்களுக்கு முழுத் தகவலும் தந்து, வற்புறுத்தலின்றி ஒப்புதல் பெற வேண்டும். 2007இல் ஐநா பூர்வக்குடிகள் பிரகடனத்துக்கு மலேசியா ஆதரவாக வாக்களித்திருக்கிறது.

எங்கள் உறுதி

தெமுவான் தலைவர்களைக் கலந்தே எதையும் செய்வோம். அவர்களுக்குப் பதிலாக நாங்கள் பேச மாட்டோம். அவர்கள் அமராத எந்தக் காவலர் குழுவிலும் எங்களுக்கு இடம் தந்தாலும் ஏற்க மாட்டோம்.